லீவர் அமுங்குதுங்க, வண்டி நிக்கலீங்க

சைக்கிள் ரிப்பேர் தொழிலில் பஞ்சர் என்றால் காற்று வெளியே போய்விட்டது என்று பொருள்; ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் சரியில்லை என்றால் பெரும்பாலும் காற்று உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். காந்திபுரத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன். இந்த பிரேக்கில் கம்பி கிடையாது. லீவரை அழுத்தினால் குழாயில் இருக்கும் எண்ணெய் போய், சக்கரத்தோரம் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். அது பேடைத் தள்ளி, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தகட்டைப் பிடிக்க வைக்கும். எண்ணெய் கசிந்தால் அந்த இடத்தில் காற்று புகும்; எதுவும் பிடிக்காது. இந்த மாதிரி சைக்கிளை ஆசையாக வாங்கிவிட்டு அவஸ்தைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அடுப்பில் சுட்ட பேட்

பீளமேட்டிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். பேடில் எண்ணெய் ஏறிவிட்டதாம். வீடியோ பார்த்து, எண்ணெய் எரிந்து போகட்டும் என்று பேடைக் கழற்றி கேஸ் அடுப்பில் சுட்டிருக்கிறார். பிரேக் பிடித்தது. சில நாளில் மறுபடி வழுக்கியது, மறுபடி சுட்டார். பேடுக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பார்க்கவில்லை. பிஸ்டனைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீல் போயிருந்தது. புது சீலும் புது பேடும் போட்டே ஆகவேண்டும் என்றேன். அவர் யோசித்தார். அந்த அம்மா யோசிக்கவில்லை.

"ஏனுங்க, என்னென்ன மாத்தணுமோ எல்லாத்தையும் மாத்திப்போடுங்க. இவரு இன்னொருக்கா சமையக்கட்டுக்குள்ள வந்தாருன்னா நாங்க ஊட்டைத்தான் மாத்தணும்."

மேலே கசிந்தது

ஒரு சைக்கிளில் முன் காலிப்பர் எப்போதும் ஈரமாகவே இருந்தது. நானும் என்னோடு வேலை பார்க்கும் தங்கவேலுவும் அதைப் பிரித்து சீல் மாற்றினோம். மறுநாளும் ஈரம். திரும்பவும் பிரித்தோம். கடைசியில் எல்லா இடத்தையும் ஸ்பிரிட்டால் துடைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பர் சுற்றி, லீவரை அழுத்தியபடியே ரப்பரால் இறுக்கிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

காலையில் பார்த்தால் காலிப்பர் பக்கத்துப் பேப்பர் காய்ந்து கிடந்தது. லீவர் பக்கத்துப் பேப்பர் நனைந்திருந்தது. எண்ணெய் மேலே கசிந்து, குழாயின் வெளிப்பக்கமாகவே வழிந்து கீழே வந்து சொட்டியிருக்கிறது. தங்கவேலு அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"மாடி ஊட்டுக்காரன் குழாய் ஒழுகிருக்குதுங்க. நாம கீழ் ஊட்டுக்காரனைப் போட்டு வதைச்சிருக்கறோம்."

தறி எண்ணெய்

எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று லீவர் மூடியிலேயே போட்டிருக்கும். கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டும் ஒருவர், எண்ணெய் குறைந்ததும் தறிக்கு ஊற்றுவதையே ஊற்றிவிட்டார். ரப்பர் சீல் எல்லாம் ஊறிப் பெருத்து, பிஸ்டன் சிக்கி, ஓரத்தில் கசிய ஆரம்பித்துவிட்டது. விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எங்க தறி அத்தனையும் இந்த எண்ணெயிலதானுங்க ஓடுது. சைக்கிளுக்கு மட்டும் எதுக்குங்க இவ்வளவு நாக்கு?"

கோத்தகிரி இறக்கம்

கிருத்திகா பேங்கில் வேலை பார்க்கிற பெண். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறி இறங்க வேண்டும் என்று பல மாதமாகப் பயிற்சி எடுத்தவர். கிளம்புவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம் சைக்கிளைக் கொண்டுவந்தார். முன் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கியது. காற்றை வெளியேற்றியதும் கெட்டியானது. அவர் முகம் மலர்ந்தது. அரை மணி கழித்து அழுத்தினேன், மறுபடி பஞ்சு. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனில் மயிரிழை போல ஒரு விரிசல். அந்த சாமான் கோவையில் எந்தக் கடையிலும் இல்லை.

"அம்மணி, இதை வெச்சுட்டு மலை எறங்காதீங்க. பின் பிரேக் ஒண்ணு மட்டும் அத்தனை தூரம் தாங்காது. சூடேறிப் போயிரும்" என்றேன்.

அவர் லீவரை அழுத்தி அழுத்திப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பிறகு, "ஏறறதுக்கு பிரேக் வேண்டாமுல்லங்க?" என்று கேட்டுவிட்டு சைக்கிளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டார். கோத்தகிரி வரை மிதித்தே ஏறிவிட்டாராம். அங்கிருந்து சைக்கிளை கேரட் லாரியில் மூட்டைகளுக்கு நடுவில் படுக்கப் போட்டு, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரமாக மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தாராம். என் உயிர் திரும்பி வந்தது. நல்ல காரியம் செய்தீர்கள் என்றேன்.

"என்னங்க நல்ல காரியம்? பாதி மலை எறங்கினதுக்கு அப்பறம் அந்த டிரைவர் சொல்றாரு, லாரிக்கும் நாளைக்குத்தான் பிரேக் பாக்க உடணுமாம்."

கசிவு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்கச் சில சமயம் ஒரு வாரம் ஆகிறது. அந்த எண்ணெய் போய்ச் சேருகிற இடம் மட்டும் எப்போதும் என் சட்டைதான்.