எலக்ட்ரிக் சைக்கிளும் என் முழங்காலும்

என் முழங்கால் இரண்டும் குழித்தறி மிதித்தே தேய்ந்துபோனவை. தறியை விட்டு எழுந்த பிறகு பாவு பிணைக்கிற வேலைக்குப் போக ஆரம்பித்தேன். தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டியிருக்கும் பாவு நூல் நெய்து முடியும்போது, அதன் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக விரலால் முறுக்கிச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். விரலுக்குத்தான் வேலை, காலுக்கு இல்லை. ஆனால் வேலை இருக்கும் வீடு வரை போக வேண்டுமே! எனக்கு அழைப்பு வருவதெல்லாம் சேவூர்ப் பக்கம். டவுன் பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும், அதற்கப்புறம் சந்து சந்தாக நடக்க வேண்டும்.

எலக்ட்ரிக் சைக்கிள் வாங்குவதற்கு முன் என் வீட்டுக்காரர்தான் தன் மொபெட்டில் கொண்டுபோய் விடுவார். காலையில் விடுவதில் குறையே வைக்க மாட்டார். சாயங்காலம்தான் பேஜார். தறியில் உட்கார்ந்து ஊடு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்துவிட்டால் அவருக்கு உலகத்தில் வேறு எதுவும் கிடையாது. "தோ, வந்துகினே இருக்கேன்" என்று போனில் சொல்லும்போதே பின்னால் தறிச் சத்தம் கேட்கும். வேலை முடித்த வீட்டு வாசலில், உள்ளே போகவும் முடியாமல் கிளம்பவும் முடியாமல் நான் நின்றுகொண்டிருப்பேன். யாரோ வந்து எடுத்துப்போக வேண்டிய பார்சல் மாதிரி.

அதனால் அந்த சைக்கிள் வந்ததும் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். காற்று குறைந்தால் பேட்டரி சீக்கிரம் தீரும் என்று தெரிந்ததும், கிளம்பும் முன் டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பக்கெட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவவே மாட்டேன், பிழிந்த ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. செயினுக்கு எண்ணெய் விட்டு, மிச்சத்தை வழித்தெடுத்துவிடுவேன். பட்டுப் புடவை நெய்கிற வீட்டில் செயின் எண்ணெய்க் கறை எங்கே பட்டாலும் கதை முடிந்தது. "கொழந்த குட்டியக்கூட நீ இப்படிப் பார்த்துக்கல" என்று அவர் சொல்வார். எங்கள் பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

என்ன பார்த்து என்ன, பேட்டரிக்கு வயதாகிவிட்டது. போகும்போது ஓடும், திரும்பும்போது பாதி வழியில் உயிரை விடும். அதற்குப் பிறகு பெடல்தான். அந்த வண்டியின் கனத்தை முழங்காலால் மிதித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நாள் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அவர் தைலத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார்.

"இத வித்துடலாம். எங்க போணும்னு சொல்லு, நான் கொண்டுபோய் உடறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. மறுபடியும் வாசலில் நிற்பதை நினைத்தால் தைலம் தேய்த்த காலைவிட நெஞ்சுதான் வலித்தது. சைக்கிள் போனால் பிணைப்பு வேலையும் போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். கூப்பிட்டதும் கிளம்பி வர முடியாத ஆளுக்காகத் தறியை நிறுத்தி வைக்க யார் இருக்கிறார்கள்?

விற்கவில்லை. கண்ணமங்கலம் போகிற ரோட்டில் இருக்கும் மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோய், பழைய பேட்டரிகளைக் கழற்றிவிட்டு லித்தியம் பேட்டரி போடச் சொன்னேன். கனம் பாதியாகக் குறைந்தது. சார்ஜரும் புதிது. பழையதை மறந்தும் சொருகக் கூடாது என்று மெக்கானிக் சொன்னதால், அதைப் பரண்மேல் போட்டுவிட்டேன். ஒரே ஒரு குறை. புது பேட்டரியின் ஒயரும் வண்டியின் ஒயரும் சேரும் சாக்கெட் மட்டும் லூஸாக இருந்தது. "பொருத்தமானது வேலூர்லருந்து வரணும்க்கா. அதுவரிக்கும் பார்த்து ஓட்டுங்க" என்றார். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் வண்டி நின்றுவிடும். இறங்கி, பேட்டரிப் பெட்டியைத் திறந்து, அழுத்திவிட்டு மறுபடி ஏறுவேன். இதை வீட்டிலும் சொல்லிப் புலம்பினேன்.

அடுத்த நாள் காலை கிளம்பும்போது பேட்டரியின் மெயின் சுவிட்சைப் போட்டேன். பட்டென்று ஒரு சத்தம், பெட்டியின் இடுக்கிலிருந்து ஒரு கோடு புகை. அவ்வளவுதான், வண்டி செத்துவிட்டது. அவர் ஓடி வந்து சுவிட்சை அணைத்தார். சைக்கிளைத் தானே தள்ளிக்கொண்டு நடந்தார். தறியை விட்டுவிட்டு அவர் வந்ததே அதிசயம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கடை வாசலில் நின்று மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா பேட்டரி குட்த்த நீ? நல்லா இருந்த வண்டிய எரிச்சி வச்சிருக்கியே!"

மெக்கானிக் பெட்டியைத் திறந்தார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"யக்கா, யாரு இதுக்கு நகை போட்டது?"

எட்டிப் பார்த்தேன். சாக்கெட்டைச் சுற்றி ஜரிகை. இழை பிசகாமல் நெருக்கமாகச் சுற்றி, முனையில் எங்கள் வீட்டு முடிச்சு. நடுவில் கருகிப்போய், ஓரமெல்லாம் தகதகவென்று மின்னியது. எங்கள் வீட்டில் மூக்குக் கண்ணாடியோ குக்கர் கைப்பிடியோ எது ஆடினாலும் நூல் சுற்றித்தான் நிறுத்துவோம். ஆனால் ஜரிகையில் இருப்பது வெள்ளியும் செம்பும், கரண்ட் பாயும். லூஸாக நின்ற சாக்கெட்டின் வெளியே தெரிந்த இரண்டு முனைகளையும் அது ஒன்றாகச் சேர்த்துவிட்டது.

"ஃப்யூஸ்தான் போயிருக்கு, பேட்டரி தப்பிச்சிது" என்றார் மெக்கானிக். எனக்கு உயிர் வந்தது. பிறகுதான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"மெயின ஆஃப் பண்ணிட்டுதான் கட்டனேன்" என்றார் தரையைப் பார்த்தபடி. "மொதல்ல நூலுதான் போட்டேன். நிக்கல, வழுக்கிகினு வந்துச்சி. அதான்..."

"விக்கணும்னு சொன்ன ஆளாச்சே நீங்க?"

"நீதான் விக்கலையே. நடுரோட்டுல எறங்கி எறங்கி ஏறுறன்னு சொன்ன. அந்தக் காலோட."

தறியடியில் விழுந்த ஜரிகைத் துணுக்கைக்கூடக் குனிந்து பொறுக்குகிற மனுஷன். முதலாளி எடை போட்டுக் கொடுக்கிற ஜரிகையில் ஒரு முழம் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர். நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் என் சைக்கிளுக்கு அதைச் சுற்றிவிட்டிருக்கிறார். கோபப்பட வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. கண்ணும் கலங்கிவிட்டது. மெக்கானிக் எதிரில் வெட்கமாக இருந்ததால் முந்தானையால் சைக்கிள் சீட்டைத் துடைத்தேன்.

வேலூர் சரக்கு முந்தின நாளே வந்திருந்ததாம். ஃப்யூஸையும் சாக்கெட்டையும் மாற்றி, மேலே ரப்பர் உறை மாட்டி, மெக்கானிக் சுவிட்சைப் போட்டார். டிஸ்பிளேயில் விளக்கு எரிந்தது. கருகாத ஜரிகையை அவர் காகிதத்தில் மடித்துக் கொடுக்க, இவர் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

"ஏறுங்க" என்றேன்.

"தாங்குமா?"

"புது பேட்டரி. தாங்கும்."

கேரியரில் ஒரு பக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்தார். கை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் சீட்டின் அடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போணும்னு சொல்லுங்க, நான் கொண்டுபோய் உடறேன்."

வண்டி நகர்ந்தது.

"ஊட்டுக்குத்தான். தறி சும்மா கெடக்குது."

ஸ்பீடு பிரேக்கரில் வண்டி நிற்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் பேட்டரிப் பெட்டியின் மூடியை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். நான் இறங்கவில்லை. அப்படியே சேவூர்ப் பக்கம் திருப்பினேன்.