பேரரசியின் தொட்டிலும் அன்ரியின் கம்பளித் தொப்பியும்

மகளுக்குப் பதின்மூன்று மாதம் ஆனபோது நான் வேலைக்குத் திரும்பினேன். புலம்பெயர்ந்து வந்து நாங்கள் குடியிருந்த மல்வேர்னில், எங்கள் கட்டடத்திலேயே, இரண்டு மாடி மேலே இருந்த அன்ரி அவளைப் பார்த்துக்கொண்டார். மன்னார்க்காரர், பிள்ளைகள் இல்லாதவர். விசாரித்த டேகெயர்களில் எங்கும் இடமில்லை. அன்ரி மாட்டேன் என்றால் நான் வேலையை விட வேண்டியதுதான்.

அஜின்கோர்ட்டில் நான் வேலை செய்த பல் வைத்தியரின் அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போகும்போது ஒலிப்புத்தகம் கேட்பேன். அந்த மாதம் கேட்டது, பதினெட்டாம் நூற்றாண்டில் ரஷ்யாவை ஆண்ட ஒரு பேரரசியின் வாழ்க்கை. ஜெர்மனியிலிருந்து சிறுமியாக வந்து, மதம் மாறி, பட்டத்து இளவரசனை மணந்து, பின்னாளில் அவனை இறக்கிவிட்டுத் தானே அரியணை ஏறியவள். போர்களும் சதிகளும் நிறைய வந்தன. எனக்கு ஒரு தொட்டில் மட்டுமே மனதில் நின்றது.

அவளுக்கு முதல் மகன் பிறந்தவுடனேயே, அப்போது ஆண்டுகொண்டிருந்த மூத்த பேரரசி பிள்ளையைத் தன் அறைக்கு எடுத்துப்போய்விட்டாள். கணவனின் சித்தி, பிள்ளையில்லாதவள். பெற்றவள் பல நாள் கழித்துப் பார்த்தபோது, அனலடிக்கும் அறையில், கருநரித் தோல் வைத்த தொட்டிலில், போர்வைக்கு மேல் போர்வையாக அவன் வியர்த்துக் கொட்டியபடி கிடந்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று நான் இரண்டு தரிப்பிடம் தாண்டிப் போய் இறங்கினேன்.

எங்கள் கட்டடத்தில் ஹீற்றரை நாங்கள் குறைக்க முடியாது. வெளியே பனி கொட்டும் பெப்ரவரியிலும் உள்ளே வெக்கை. ஆனாலும் அன்ரி மகளுக்குக் கம்பளித் தொப்பி, இரண்டு சட்டை, ஸ்வெற்றர், சொக்ஸ் எல்லாம் போட்டே வைத்திருப்பார். அவளுடைய முதுகெல்லாம் வேர்க்குரு. இரண்டு கிழமையாகச் சொல்ல நினைத்தேன். அவர் கோபித்துக்கொண்டு வேறு ஆளைப் பார் என்றால்? ஒருவேளை அவர் செய்வதுதான் சரியோ என்றும் தோன்றியது. வீட்டில் ஈரத்துணியால் ஒற்றிவிட்டு, காலையில் மறுபடியும் கொண்டுபோய் விட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளைக் கூட்டிப்போக வந்தபோது, அன்ரி பால் விடாத பிளேன்ரீ தந்தார். மகள் அவர் மடியில் இருந்தாள். கதையாகச் சொன்னால் விளங்கிக்கொள்வார் என்று நம்பி அந்தத் தொட்டிலைப் பற்றிச் சொன்னேன். நரித்தோலையும் வியர்வையையும் கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

அன்ரிக்கு மூத்த பேரரசி மேல்தான் இரக்கம் வந்தது. பிள்ளை அழுதால் அந்த மனுசி என்ன செய்வாள் என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் தானே ஓடுவாளாம் என்றேன்.

"பாத்தியே," என்று மகளின் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டார். "ஆசையில செய்திருக்கிறா. வேர்க்குது எண்டு பெத்தவள் சொல்லியிருக்கலாம்தானே? வாயில என்ன கொழுக்கட்டையே?"

"பயமா இருந்திருக்கும் அன்ரி."

"என்னத்துக்குப் பயம்? பிள்ளையைக் கடிச்சுத் தின்னவே போறா?"

கோப்பையைக் கீழே வைத்தேன். "அன்ரி, இவவுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. உந்தத் தொப்பியைக் கழட்டுவமே?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளின் சட்டையைத் தூக்கி முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்லு வாறதால சிணுங்குறாள் எண்டெல்லோ நான் நினைச்சன்," என்றார். "உனக்கு எத்தினை நாளாத் தெரியும்?"

"ரெண்டு கிழமை."

"ரெண்டு கிழமையாப் பிள்ளையை அவிய விட்டிட்டு, எனக்கு ராணி கதை சொல்லுறாய்."

அவர் தொப்பியைக் கழற்றினார், பிறகு ஸ்வெற்றரை. மகளின் தலைமயிர் ஈரமாய் ஒட்டியிருந்தது. அதை ஊதி ஊதிக் காயவைத்தார். சொக்ஸைக் கழற்ற மட்டும் சம்மதிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, அந்தப் பெட்டை பேரரசியானதும் எப்படி இருந்தாள் என்று கேட்டார். அவளுக்கு முதல் பேரன் பிறந்ததும், அவளும் அவனைத் தாய் தகப்பனிடமிருந்து எடுத்துத் தானே வளர்த்தாள் என்று சொன்னேன். ஆனால் யன்னலைத் திறந்து வைத்து, அறையைக் குளிர்ச்சியாக வைத்து வளர்த்தாளாம்.

அன்ரி குலுங்கிச் சிரித்தார். மடியிலிருந்த மகளும் சிரித்தாள். எனக்குப் பாதிச் சிரிப்புத்தான் வந்தது. நானும் ஒருநாள் மகளின் பிள்ளையை அப்படி எடுத்து வைத்துக்கொள்ளக்கூடியவள்தான் என்று பட்டது.

வாசலில் மகளை என் கையில் தரும்போது அன்ரி என்னைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை மெல்லிய பருத்திச் சட்டையா ரெண்டு கொண்டு வா. பழசெண்டாலும் பரவாயில்லை."

ஓம் அன்ரி என்றேன். திங்கட்கிழமை ஐந்து சட்டை கொண்டுபோனேன்.