சாவு என்று படிக்கப்பட்ட சைக்கிள்

பவானேஸ்வரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பெம்பான் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஏன் வருகிறது என்றுதான் ஒருவரும் கேட்டதில்லை. மலாக்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. ஒப்பந்த ஆள் என்பதால் அங்கே அவள் பெயரே கொன்ட்ராக். "ஏய் கொன்ட்ராக், இங்க வா" என்பார் சூப்பர்வைசர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த நீளப் பெயரைச் சொன்னால் அவருக்கு வாய் வலிக்கும் போலிருக்கிறது.

அந்த ஆத்திரத்தை எங்கேயாவது இறக்கிவைக்கத்தான் சைக்கிள் மிதிக்கத் தொடங்கினாள். பிறகு நீச்சல், செம்பனைக் காட்டுச் சாலையில் ஓட்டம் என்று வளர்ந்து ட்ரையத்லான் கிறுக்கில் வந்து நின்றது. கடலில் நீந்தி, கரையேறி நெடுந்தூரம் சைக்கிள் மிதித்து, இறங்கி ஓடியும் முடிக்க வேண்டும். கெடு தாண்டினால் நடுவழியிலேயே வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

அவள் சைக்கிள் தைவானில் ஏதோ சின்னப் பட்டறையில் செய்தது. ஒரு சீனரிடம் பழையதாக வாங்கினாள். பெயரைத் தவிர அதில் ஒரு குறையும் கிடையாது. கம்பியில் பெரிய வெள்ளை எழுத்தில் எஸ், ஏ, வி, யு என்று போட்டிருக்கும். சீனருக்கும் மலாய்க்காரருக்கும் அது வெறும் நாலு எழுத்து. தமிழன் கண்ணுக்கு மட்டும் சாவு.

"சாவ வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கியே" என்று அம்மா காளியம்மா தலையில் கைவைத்தாள். புது வண்டி வந்தால் கோயிலில் பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது வழக்கம். அதற்கும் மாட்டேன் என்றுவிட்டாள். "சாவுக்கு எவளாச்சும் பூச போடுவாளா?"

அவள் சேர்ந்திருந்த ட்ரையத்லான் கிளப்பில் கேலிக்குக் கேட்கவே வேண்டாம். தலைவர் தர்மேந்திரன் காப்புறுதி முகவர். அவர் சைக்கிள் உலகத்துக்கே தெரிந்த கம்பெனி. "என்னம்மா, சாவு சௌக்கியமா?" என்பதுதான் அவர் தினமும் வைக்கும் வணக்கம். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

தங்கா பத்து கடற்கரையில் போட்டி. முதல்நாள் மாலையே சைக்கிள்களைக் கொண்டுபோய் வரிசையாக மாட்டிவிட வேண்டும். எந்தக் கம்பெனி சைக்கிள் எத்தனை என்று எண்ணிப் பலகையில் எழுதிப்போடுவார்கள். அந்தப் பெரிய பெயர்களுக்குக் கீழே தன் சைக்கிளின் பெயரும் ஒரு வரியாக வரும் என்று பவானேஸ்வரி மாதக் கணக்காகக் காத்திருந்தாள். சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

போட்டி எண்ணை வாங்கிக்கொண்டு திரும்பினால், பலகையில் அந்தப் பெயர் இல்லை. கடைசி வரியில் 'லாயின்-லாயின்', அதாவது 'மற்றவை', ஒன்று என்றிருந்தது. எண்ணிய மலாய்ப் பெண்ணைப் பிடித்துக் கேட்டாள். "பேரே காணோமே, அக்கா" என்று மலாயில் சொன்ன அவள், எழுதி முடித்ததை இனி மாற்றமுடியாது என்றும் சொல்லிவிட்டாள். பவானேஸ்வரி சைக்கிளிடம் ஓடினாள். பெயர்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"நாந்தான் ஒட்டுனேன்" என்றார் பக்கத்தில் நின்ற தர்மேந்திரன். "கோயில்காரங்க நம்ம கிளப்ப ஸ்பான்சர் பண்ணியிருக்காங்க. குரூப் போட்டோவுல சாவுன்னு விழுந்தா நல்லாவா இருக்கும்? உன் நல்லதுக்குத்தாம்மா."

"என் சைக்கிள தொடச் சொல்லி யாரு சொன்னா, அண்ணே?"

"இந்த சைக்கிளுக்குப் போயி இவ்ளோ கோவமா? மொதல்ல நாளைக்கி அது உன்ன முழுசா கொண்டாந்து சேர்க்குதான்னு பாரு லா."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தொழிற்சாலையில் அவளுக்குச் செய்ததை இங்கே சைக்கிளுக்குச் செய்துவிட்டார்கள். டேப்பைக் கிழியாமல் உரித்துக் கைப்பிடியில் சுற்றிக்கொண்டாள்.

மறுநாள் உப்புத் தண்ணீரைக் குடித்து, கடைசி ஆட்களில் ஒருத்தியாகக் கரையேறினாள். சைக்கிள் பாதை பெம்பான் வழியாகப் போனது. எதிர்காற்றில் தொடை இரண்டும் வெந்தன. கெடு நெருக்கிக்கொண்டு வந்தது. பெம்பான் கடைத்தெருவில் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சாலையில் பாதியை அடைத்து நின்றது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"தள்ளி நில்லுங்கடா, சாவு வருது. சாவு வருது, வழி விடுங்க."

தமிழர்கள் பதறி விலகினார்கள். அவர்கள் விலகியதைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள். காளியம்மா குனிந்து ஓர் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு நேராக உருட்டிவிட்டாள். அது நசுங்கிற்று. சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடி நேரானது. பவானேஸ்வரி அழுதுகொண்டே மிதித்தாள். கெடுவுக்குள் சைக்கிளை முடித்து, ஓட்டத்தையும் முடித்தாள்.

தர்மேந்திரன் அவளுக்கு வெகுநேரம் முன்பே வந்து, நிழலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். வேகமான ஆள்தான், அதை இல்லை என்று சொல்வானேன். குரூப் போட்டோவுக்கு எல்லாரும் சைக்கிளோடு கூடினார்கள். பவானேஸ்வரி தன் கைப்பிடியிலிருந்து டேப்பை உரித்தாள். அவர் சைக்கிளின் பேர்போன பெயர்மேல் ஓரம் மடங்காமல் நீவி ஒட்டினாள்.

"ஏய், என்னா செய்யுற?"

"உங்க நல்லதுக்குத்தான், அண்ணே" என்றாள். "யாராச்சும் கேட்டா லாயின்-லாயின்னு சொல்லிக்குங்க."