தம்பி சொன்ன ‘ஆமா’

என் தம்பி வளர்ந்த ஆள்தான், ஆனால் குழந்தைப் புத்தி. யார் எதைக் கேட்டாலும் “ஆமா” என்பான். லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு படகு இன்ஜின் காணாமல் போனபோது, “நீதான் எடுத்தியா?” என்று போலீஸ் கேட்டிருக்கிறது. “ஆமா” என்றிருக்கிறான். கேஸ் போட்டுவிட்டார்கள்.

கோர்ட்டில் ஜட்ஜ் ஐயா, “குற்றத்தை ஒத்துக்கிறியா?” என்றார்.

“ஆமா.”

நான் எட்டாவதோடு நின்றவள். பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கவே பயப்படுவேன். எப்படி எழுந்தேனோ தெரியாது.

“ஐயா, லைட்ஹவுஸையும் நீதான் தூக்கினியான்னு கேளுங்க!”

“இன்னாம்மா, உக்காரு!” என்று போலீஸ்காரர் அதட்டினார். ஆனால் ஜட்ஜ் கேட்டார்.

“ஆமா” என்றான் தம்பி.

கோர்ட்டே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். ஜட்ஜ் மட்டும் சிரிக்கவில்லை. விசாரணையை நிறுத்தி, மனநல டாக்டரிடம் காட்டச் சொன்னார்.

வெளியே வந்ததும் அதே போலீஸ்காரர், “இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?” என்றார். ஸ்டேஷன் வாசலில் நான் அழுதழுது சொன்னது வேறு என்னவாம்? “எல்லாரும் இதத்தான் சொல்றீங்க, போம்மா” என்று விரட்டியவரே இவர்தான்.

தம்பி தப்பித்தான் என்று ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. கூட வந்து கத்த ஆளில்லாமல் எத்தனை பேர் உள்ளே கிடக்கிறார்களோ!