ரிஸானாவின் வட்டிலப்பம்

இன்று நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்கு பஸ். வெளியே மலையெல்லாம் பனிமூட்டம். போனில் என் நாவலை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ரிஸானா, மலர் என்ற இரண்டு பெண்கள் காதலிக்கிறார்கள்.

என் பக்கத்தில் ஜன்னலோரம் அபாயா அணிந்த ஒரு பெண்.

"எட்டிப் பாத்துட்டேன், கோவிக்க வேணாம். உங்கட ரிஸானா ஏன் எப்பவும் வட்டிலப்பமே திங்கிறா? நாங்க அத பெருநாளைக்குத்தான் செய்யிற."

வெட்கமாகப் போய்விட்டது. முஸ்லிம் வீடு என்றாலே எனக்கு அந்த இனிப்புதான் ஞாபகம் வரும்.

"அப்ப அவங்க ரெண்டு பேரும் காதலிக்கிறது?" என்று தயங்கிக் கேட்டேன்.

கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தில் விரலால் மெதுவாகக் கோடு இழுத்தார்.

"அதுல பிழை ஒன்டும் இல்ல. அப்பிடித்தான் இருக்கும்."

கம்பளையில் இறங்கிவிட்டார். அந்தக் கோடு மட்டும் கண்டி வரை என்னோடு வந்தது.

வட்டிலப்பத்தை நாவலின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் அழித்துவிட்டேன். இப்போது ரிஸானா காதலோடும் பசியோடும் உட்கார்ந்திருக்கிறாள். சாதாரண நாளில் அவள் என்ன சாப்பிடுவாள், யாராவது சொல்லுங்களேன்.