அக்காவின் செருமல்

வானொலியில் பாடுகிறவர் பெயரைச் சொல்லி அறிவித்து முடித்ததும், பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரு நொடி சும்மா இருக்கும். யார் பாடினாலும் சரி, அந்த ஒரு நொடியில் என் கைவேலை நின்றுவிடும். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தால் அரிவாள்மனை மேல் கை அப்படியே நிற்கும். என் மருமகள் இதைப் பல தடவை பார்த்திருக்கிறாள். காது மந்தமாகிவிட்டது என்று நினைக்கிறாள் போல. நினைத்துக்கொள்ளட்டும்.

என் அக்கா வானொலியில் பாடியவள். பெரிய பாடகி ஒன்றும் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை காலையில், கால்மணி நேரம் பக்திப் பாட்டு. நாங்கள் பனவடலிசத்திரம் பக்கம் பிறந்தவர்கள். களத்தில் காயப்போட்ட கம்புக்குக் காக்கா விரட்டிக்கொண்டே பாடிப் பழகிய குரல் அவளுடையது. அவளைத் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த அத்தானுக்குக் கொடுத்தார்கள். என்னைச் சங்கரன்கோவிலில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்குக் கொடுத்தார்கள். அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அவள் ஒருத்திதான். அவளைக் கண்ணால் பார்ப்பது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. காதால் பார்ப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை.

எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. எதிர்வீட்டு வக்கீல் வீட்டில் இருந்தது. வக்கீலின் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். அக்கா பாடும் தேதியும் நேரமும் எழுதிய கார்டு முன்கூட்டியே வந்துவிடும். அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போவேன். ரேடியோவுக்குக் கண் உண்டா என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவருக்கு என்ன தெரியும்? அப்போதெல்லாம் பாடுகிறவர்கள் அந்த நேரத்துக்கு அங்கே போய் உட்கார்ந்துதான் பாட வேண்டும். இங்கே நான் கேட்கிற அதே நிமிஷத்தில் அங்கே அவள் வாய் திறந்திருக்கிறாள். நேரில் பார்ப்பதற்கும் அதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

பாட்டு தொடங்குமுன் அவள் ஒரு தடவை தொண்டையைச் செருமுவாள். சின்ன வயசிலேயே உள்ள பழக்கம். கரிப் புகையில் ஓடுகிற பஸ் அந்தக் காலத்தில் இருமிக்கொண்டேதான் கிளம்பும். “கரி பஸ் கெளம்பிட்டு” என்று நான் அப்போது கேலி செய்வேன். முதல் தடவை வானொலியில் பாடியபோது பயத்தில் செருமிவிட்டாள். நிலையத்தில் இருந்தவர் இனிமேல் அப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லி அனுப்பினாராம். அடுத்த கார்டில் எனக்கு எழுதினாள்: “பாட்டை ஊரே கேட்டுக்கிடட்டும் ஏட்டி. செருமல் உனக்குத்தான்.” அதற்கப்புறம் ஒரு தடவைகூட அவள் அதை விடவில்லை. அவர்களும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், வானொலியே தலைகீழாக மாறியது. எங்களுக்குப் பழகிய அறிவிப்பாளர் மாற்றலாகிப் போனார். அவர் குரலை வைத்துத்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர் உலை வைப்பார்கள். சினிமாப் பாட்டு குறைந்துபோக, வக்கீல் வீட்டுப் பிள்ளைகள் முள்ளைத் திருகித் திருகிச் சிலோனைத் தேட ஆரம்பித்தார்கள். பழைய பாடகர்களை எல்லாம் மறுபடி பாடிக் காட்டச் சொன்னார்களாம். நாங்கள் விரும்பிக் கேட்ட இரண்டு மூன்று பேர் அதோடு காணாமல் போனார்கள். அக்கா தேறிவிட்டாள் என்று கார்டு வந்த அன்று சங்கரநாராயணர் சந்நிதியில் தேங்காய் உடைத்தேன். போகிறவர்கள் போகட்டும், என் அக்கா இருக்கிறாள் என்று இருந்தது எனக்கு. மனசின் புத்தி அவ்வளவுதான்.

அந்த ஆடி மாசம், எங்கள் ஊர் தபசுத் திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை மத்தியானத் தபாலில் அத்தானிடமிருந்து கடிதம் வந்தது. அக்காவுக்கு உடம்பு முடியவில்லை, படுத்த படுக்கையாக இருக்கிறாள், உன்னைத் தேடுகிறாள், ஒரு நடை வந்துவிட்டுப் போகவும் என்று நாலே வரி. அத்தான் ஒரு தும்மலுக்கு வைத்தியரைக் கூப்பிடுகிற மனுஷர். வீட்டிலோ குருவிகுளம் பக்கத்திலிருந்து மாமியார் வகையறா வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கியிருந்தார்கள். அம்மன் தபசன்று நேர்ச்சையாக வீசுவதற்கென்று கொண்டுவந்த மிளகாய் வத்தலும் பருத்தியும் கூடத்தில் மூட்டையாகக் கிடந்தன. பதினேழு பேருக்குச் சமைக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் மட்டும் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். “நாளைக்குக் காலை வண்டிக்குப் போறியா? நான் லீவு சொல்லுதேன். இங்கன நடக்கது நடக்கட்டும்” என்றார்.

அக்கா அனுப்பியிருந்த கார்டு மாடக்குழியில் இருந்தது. மறுநாள் காலையில்தான் அவள் பாட்டு. நான் சொன்னேன்: “நாளைக்கு அவ பாட்டு இருக்குல்லா. பாடலைன்னா அடுத்த வண்டிக்குப் போறேன். பாடினா எதுக்குப் போகணும்?”

அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. யாருக்குத்தான் படாது?

வெள்ளிக்கிழமை காலையில் சேலை மாற்றக்கூட நேரமில்லாமல் எதிர்வீட்டுக்கு ஓடினேன். புது அறிவிப்பாளர் அக்கா பெயரைச் சொன்னார். அந்த ஒரு நொடி சும்மா இருந்தது. செருமல் வரவில்லை. நேரே பாட்டு வந்தது. என்ன சுத்தமான குரல். இறக்கத்தில் கொஞ்சம்கூடப் பிசிறு இல்லை. கால்மணி நேரமும் தங்குதடையில்லாமல் பாடினாள்.

மதினிதான் கேட்டாள். “உங்க அக்கா இன்னைக்குச் செருமவே இல்லையே?”

“தொண்டை நல்லாயிட்டு போல மதினி. படுக்கையில கெடக்கவ இப்படியா பாடுவா? எங்க அத்தானுக்கு எல்லாம் பெருசாத்தான் தெரியும்” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். தபசு முடிந்து ஆற அமர வருகிறேன் என்று அன்றைக்கே அத்தானுக்குக் கார்டு எழுதிப் போட்டேன். அதில் அக்காவுக்கும் ஒரு வரி: பாட்டு ரொம்ப நன்றாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது. தபசு முடிந்த மறுநாள். தெருவெல்லாம் மிதிபட்ட வத்தல் நெடி. விருதுநகர் போய் வண்டி மாறி, மதுரை தாண்டி, நான் திருச்சி போய்ச் சேர்ந்தபோது முகம் பார்க்கக் கிடைத்தது. அவ்வளவுதான் கிடைத்தது. என் கார்டு யாரும் படிக்காமலே மேஜை மேல் கிடந்தது.

டேப்பு என்று ஒரு சாமான் வந்திருக்கிறது என்று அங்கேதான் முதல்முதலாகக் கேள்விப்பட்டேன். முன்னாலேயே பாட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேண்டிய நாளில் போடுவார்களாம். அக்கா பாடியது அதற்கு மூன்று வாரம் முன்னால். பாடிவிட்டு வந்த மறுவாரம் காய்ச்சலில் படுத்தவள், எழுந்திருக்கவே இல்லை. பெட்டிக்குள் பாடுகிறாள் என்றால் உயிரோடு நன்றாக இருக்கிறாள் என்றுதான் எனக்குத் தெரியும். அது பொய்யாகப் போகும் என்று யார் கண்டார்கள்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தானிடம் கேட்டேன். அந்த டேப்பை ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்ல முடியுமா? அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போய்விட்டு வந்தார். அவர்களிடம் இருப்பதே நாலைந்து டேப்புதானாம். ஒன்றை அழித்துத்தான் அடுத்ததைப் பிடிக்க வேண்டுமாம். அக்கா பாடியதன் மேல் யாரோ உழவர்களுக்கு உரம் போடுவதைப் பற்றிப் பேசியாகிவிட்டது. அந்த வழக்கத்தில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? எனக்கு நெஞ்சு எரிந்தது, அவ்வளவுதான்.

“அப்போ செருமல் எங்கே போச்சு அத்தான்? அவ செருமாமப் பாடமாட்டாளே” என்றேன்.

செருமினாளாம். தேவையில்லாத சத்தம் என்று அதை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டார்களாம். புதுச் சாமானில் அது ஒரு வசதியாம்.

பிறகு அத்தான், சொல்லவா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை அக்காவும் கேட்டாளாம். தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்து, பக்கத்தில் ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தார்களாம். பாட்டு தொடங்கியதும் அவள் முகம் தெளிந்துவிட்டதாம்.

“செருமலைக் காணும், பாத்தியளா? என் தங்கச்சி பதறிப்போயிருவா. நாளைக்கு வந்துருவா பாருங்க” என்றாளாம்.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் கட்டிலை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொல்லிப் படுத்திருந்தாளாம்.

அந்த வெள்ளிக்கிழமை நான் பதறவில்லை. மதினி வீட்டிலிருந்து திரும்பி வந்து பதினேழு பேருக்கும் தோசை சுட்டேன். பிறகு நானும் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.