முழுதாக வாசித்தவன்

ஜெர்மனியோடு யுத்தம் தொடங்கியதும் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குப் பொலிஸ் வந்தது. என் ஜெர்மன் புத்தகங்களோடு, ஜெர்மன் தத்துவத்தின் வரலாறு என்று நான் எட்டு வருஷமாக எழுதிய காகிதக் கட்டையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

"போகட்டும் விடுங்கோ, அதை ஆர் வாசிக்கப் போகினம்?" என்றாள் மனைவி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சொன்னதில் பிழையில்லை. நான் வாசிக்கக் கொடுத்த எந்தப் பேராசிரியரும் முதல் அத்தியாயத்தைத் தாண்டியதில்லை.

யுத்தம் முடிந்து கட்டு திரும்பி வந்தது. முகம் தெரியாத ஒரு தணிக்கை அதிகாரி அறுநூறு பக்கங்களையும் வரி விடாமல் வாசித்து, சிவப்புப் பென்சிலால் கோடிட்டிருந்தான். எனக்கு வாய்த்த ஒரே வாசகன். அவன் அபிப்பிராயத்தைத் தேடி அவசரமாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

"இதனால் எவருக்கும் எந்த ஆபத்தும் இல்லை" என்று எழுதியிருந்தான்.